ஹெபடைடிஸ் பி: எதிர்ப்புச் சக்தியைத் தடுக்கும் செல்களை எடுத்துவிட்டால் வைரஸ் போய்விடாதா?

வைகைக்கரையான்:

என் தம்பிக்கு 26 வயது. வேலை செய்யும் இடத்தில் ரத்ததான முகாம் நடந்தபோது கொடுத்துவிட்டு வந்தான், சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள். ஈரல் டாக்டரிடம் காட்டி எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். இ ஆன்டிஜென் (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்) பாசிட்டிவ், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, 14 கோடி, எஸ்ஜிபிடி 24, ஈரலில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் நார்மல். அம்மாவுக்கும் எடுக்கச் சொன்னார், அவருக்கும் பாசிட்டிவ், ஆனால் வைரஸ் மிகக் குறைவு. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர்.

எனக்குப் புரியாதது என்னவென்றால், அம்மாவைவிடத் தம்பிக்குத்தான் இவ்வளவு வைரஸ், ஆனால் அவனுக்கு இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுத்துக் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். 14 கோடி என்று எழுதியிருக்கிற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? இணையத்தில் தேடியதில் டி-ரெக் என்று ஒரு வகைச் செல் இருக்கிறதாம், அதுதான் நம் எதிர்ப்புச் சக்தியைத் தடுத்து வைத்து வைரஸைக் காப்பாற்றுகிறதாம். அப்படியென்றால் அதை எடுத்துவிட்டால், அல்லது மருந்து கொடுத்து முடக்கிவிட்டால், உடம்பே வைரஸை அடித்து விரட்டிவிடாதா? அப்படி மருந்து இருக்கிறதா? அதுவரை இம்யூனிட்டி பூஸ்டர் மாதிரி ஏதாவது கொடுக்கலாமா என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்கிறுக்கன்:

நான் டாக்டர் இல்லை, நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை. மருந்து பற்றி முடிவெடுப்பதை உங்கள் டாக்டரிடம் விட்டுவிடுங்கள், செல் பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் தானாக ஈரல் செல்லைக் கொல்வதில்லை. உள்ளே போய்ப் பெருகிக்கொண்டே இருக்கும், செல் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்தச் செல்லைக் கொல்வது நம்முடைய கொல்லி டி செல்கள்தான், வைரஸ் இருக்கும் செல்லை அடையாளம் கண்டு அழிப்பது அவற்றின் வேலை. எஸ்ஜிபிடி என்று ரிப்போர்ட்டில் பார்க்கிறீர்களே, அது உடைந்த ஈரல் செல்லிலிருந்து ரத்தத்துக்குக் கசிகிற நொதி. ஆக 14 கோடி வைரஸ் இருந்தும் எஸ்ஜிபிடி 24 என்றால், ஈரலுக்குள் இப்போது பெரிய சண்டை நடக்கவில்லை என்று அர்த்தம். சண்டை நடக்காததால் வைரஸ் ஏகபோகமாக இருக்கிறது, அதே காரணத்தால் ஈரலும் நன்றாக இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் டி-ரெக் விஷயம் புரியும்.

டி-ரெக் என்பது ஒழுங்காற்று டி செல். 1995இல் ஷிமோன் சகாகுச்சி, மேற்பரப்பில் சிடி25 என்ற புரதம் தாங்கிய ஒரு சிறு கூட்டம்தான் உடம்பு தன்னைத் தானே தாக்காமல் பார்த்துக்கொள்கிறது என்று எலிகளில் காட்டினார். 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், அந்தச் செல்களை அந்தச் செல்களாக வைத்திருப்பதே அந்த மரபணுதான் என்பது அதன் பிறகு தெளிவானது. இதற்காக மூவருக்கும் 2025 நோபல் கிடைத்தது. ஃபாக்ஸ்பி3 பழுதான ஆண் எலி சில வாரங்களிலேயே செத்துவிடும். மனிதர்களில் அதே பழுது வந்தால் ஐபெக்ஸ் என்ற நோய், கைக்குழந்தையாக இருக்கும்போதே குடல், தோல், கணையம் எல்லாவற்றையும் சொந்த டி செல்களே தாக்கும். "எடுத்துவிட்டால் என்ன" என்ற கேள்விக்கு இயற்கை ஏற்கெனவே சொல்லி வைத்த பதில் அது.

எப்படித் தடுக்கின்றன என்றால் பல வழி. ஐஎல்-2 என்ற சமிக்ஞைப் புரதம் கிடைத்தால்தான் கொல்லி டி செல்கள் பெருக முடியும், டி-ரெக்குகள் சிடி25ஐ நிறைய வைத்திருப்பதால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து அதை வழித்துச் சாப்பிட்டுவிடும், பின்னால் வருகிறவனுக்கு மிச்சம் இருக்காது. அப்புறம் ஐஎல்-10, டிஜிஎஃப் பீட்டா என்று அடக்கும் புரதங்களைச் சுரக்கும். சிடிஎல்ஏ-4 என்ற புரதம் வழியாக, டி செல்களைத் தூண்டிவிடுகிற செல்களின் சுருதியையே குறைக்கும்.

ஈரல் இயல்பிலேயே அடக்கம் கூடிய உறுப்பு. அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது, சாப்பாட்டின் துணுக்கு, பாக்டீரியாவின் துணுக்கு எல்லாம் அதில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டால் ஈரல் மிஞ்சாது. 1969இல் ராய் கேல்னும் அவர் குழுவினரும் பன்றிகளுக்கு வேறு பன்றியின் ஈரலைப் பொருத்தினார்கள், எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் இல்லாமலே பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. தோலையோ சிறுநீரகத்தையோ அப்படி ஏற்பதில்லை. இந்த வைரஸ் குடியிருப்பது அப்படிப்பட்ட உறுப்பில். அதோடு எந்த வயதில் தொற்று வருகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு நிரந்தரமாகிவிடும், பெரியவராகித் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு, மீதிப் பேர் அவர்களாகவே விரட்டிவிடுகிறார்கள்.

இனி நோயாளிகளில் பார்த்தது. 2005இல் ராட்டர்டாம் குழு ஒன்று, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களின் ரத்தத்தில் டி-ரெக் விகிதம், ஆரோக்கியமானவர்களையும் தொற்று வந்து குணமானவர்களையும்விட அதிகம் என்று கண்டது. ரத்தத்திலிருந்து அந்தச் செல்களைப் பிரித்தெடுத்துவிட்டு மீதிச் செல்களை வைரஸ் புரதத்தோடு சேர்த்தால் எதிர்வினை கூடியது. நீங்கள் படித்தது அநேகமாக இதன் வழிவந்த கட்டுரைதான். அடுத்த வருடம் சீனாவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். திடீர்த் தொற்று வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் டி-ரெக் குறைவாக இருந்து, குணமாகிற கட்டத்தில் ஏறி, முழுக்க விலகியதும் பழைய அளவுக்கு வந்தது. நாள்பட்டவர்களில் டி-ரெக் அளவும் வைரல் லோடும் சேர்ந்தே ஏறி இறங்கின. குணமாகிற நேரத்தில் ஏன் ஏற வேண்டும்? சண்டை முடிந்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்காமல் நிறுத்துவதற்கு என்றுதான் நான் வாசிக்கிறேன்.

எடுத்துப் பார்த்த சோதனையும் உண்டு, எலிகளில். 2012இல் வெளிவந்தது. டி-ரெக்கை மட்டும் அழிக்கக்கூடிய மாதிரி உருவாக்கிய எலிகளுக்கு ஹெபடைடிஸ் பி மரபணுவைச் செலுத்தி, டி-ரெக்கை நீக்கினார்கள். வைரஸ் கட்டுப்பாடு மேம்பட்டது உண்மை. கூடவே ஈரல் சேதமும் ஏறியது. மனிதர்களில் இதற்கு நேரான சோதனை யாரும் செய்யவில்லை, ஆனால் டாக்லிசுமாப் என்ற மருந்து சிடி25ஐக் குறிவைப்பது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக வந்தது, அதைப் போட்டவர்களுக்கு டி-ரெக் எண்ணிக்கை குறைந்தது. அதன் பெட்டியிலேயே ஈரல் பாதிப்புக்கான கடும் எச்சரிக்கை இருந்தது, மூளை அழற்சி நேர்ந்ததால் 2018இல் சந்தையிலிருந்து விலக்கினார்கள்.

உங்கள் தம்பி விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவ்வளவு வைரல் லோடு உள்ளவருக்கு ஈரல் செல்களில் பெரும்பகுதியிலேயே வைரஸ் இருக்கும். தடை எல்லாம் நீங்கி எதிர்ப்புச் சக்தி முழு வேகத்தில் வந்தால் அது அடிக்கப்போவது அந்த ஈரலைத்தான். வைரஸ் போவதற்குள் ஈரல் போய்விட்டால்?

மூலிகைத்தோட்டம்:

இவ்வளவு பெரிய விளக்கத்தில் கீழாநெல்லி என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லையே. 1988இல் லான்செட் பத்திரிகையிலேயே வந்தது, சென்னையில் தியாகராஜன் குழு செய்தது, இந்த வைரஸைக் கண்டுபிடித்த புளூம்பெர்க்கே அதில் கூட்டு ஆசிரியர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது தொற்று இருப்பதைக் காட்டும் வைரஸ் புரதம், ரத்தத்திலிருந்து போய்விட்டது, போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. 59 சதவீதம் சார். இன்றைக்கு இருக்கும் எந்த மாத்திரைக்கு அந்த எண் உண்டு? மலிவு, வீட்டுக் கொல்லையில் முளைக்கிறது, அதனால்தான் யாரும் பேசுவதில்லை. கூடவே சீந்தில் கொடியும் கொடுக்கலாம், எதிர்ப்புச் சக்திக்கு அதைவிட நல்லது இல்லை.

ஈரல்மருத்துவர்:

மூலிகைத்தோட்டம் ஐயா, அந்த ஆய்வு உண்மை, எண்களும் நீங்கள் சொன்னதுதான். அதை யாரும் மறைக்கவும் இல்லை. உலகம் முழுக்க ஆர்வமாக எடுத்துப் பார்த்தார்கள், வேறு வேறு நாடுகளில் வேறு வேறு குழுக்கள் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஒரு இடத்தில் ஒருமுறை 59 வந்து, மற்ற இடங்களில் எல்லாம் வராவிட்டால், அதை நம்பி என் நோயாளிக்குக் கொடுக்க மாட்டேன். கீழாநெல்லிச் சாற்றை மஞ்சள் காமாலைக்குக் குடித்துக் குணமானவர்கள் ஏராளம் என்பீர்கள், அதில் பெரும்பாலானது ஹெபடைடிஸ் ஏ அல்லது இ, எதுவும் குடிக்காவிட்டாலும் அவை பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும்.

சீந்தில் விஷயத்தில் எனக்கு ஆட்சேபம் அதிகம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். திசுப் பரிசோதனையில் பார்த்தது தன்னுடல் தாக்கு ஈரல் அழற்சி போன்ற தோற்றம். அதாவது சொந்த எதிர்ப்புச் சக்தி சொந்த ஈரலைத் தாக்கியது. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து அறிக்கை விட்டது, விவாதம் நடந்தது, அதெல்லாம் சரி. ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்புகிறேன் என்று விற்கப்படும் எதையும் ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவருக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன், ஏனென்றால் செல்கிறுக்கன் சொன்ன மாதிரி இந்த நோயில் கெடுதல் நடப்பதே அந்தக் கிளப்பலில்தான்.

வைகைக்கரையான், உங்கள் தம்பியின் டாக்டர் சொன்னது சரியாகவே தெரிகிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் நகலெடுப்பதைத் தடுக்கும், நன்றாகவே தடுக்கும், ஆனால் ஈரல் செல்லின் உட்கருவுக்குள் வளையமாகச் சுருண்டு உட்கார்ந்திருக்கும் வைரஸ் டிஎன்ஏவை அவை தொடுவதில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஏறும். ஆரம்பித்தால் ஆண்டுக்கணக்கில் போட வேண்டும் என்பதால் யாருக்கு எப்போது என்று பார்த்துத்தான் ஆரம்பிப்போம். எஸ்ஜிபிடி ஏறினால், ஸ்கேனில் தழும்பு தெரிந்தால் உடனே. 30 வயதைத் தாண்டியும் இப்படியே அதிக வைரஸோடு இருந்தால் எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தாலும் ஆரம்பிக்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி 2017லேயே சொல்லிவிட்டது. குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்றுநோய், ஈரல் சுருக்கம் இருந்திருக்கிறதா? அது தெரிந்தால் கணக்கு மாறும். அப்புறம், நீங்கள் டெஸ்ட் எடுத்தீர்களா?

ஆய்வகப்பறவை:

செல்கிறுக்கன் அண்ணன் எழுதியதில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. டி-ரெக்கை இவ்வளவு பெரிய நாயகனாகவோ வில்லனாகவோ ஆக்க ஆதாரம் போதாது. அதே 2005இல் இன்னொரு ஆய்வும் வந்தது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதில் டி-ரெக்கை நீக்கினால் வைரஸுக்கு எதிரான கொல்லி டி செல்கள் கூடுதலாகப் பெருகின, ஆமாம், ஆனால் நாள்பட்ட நோயாளியிலும் சரி, குணமானவரிலும் சரி, ஒரே மாதிரி. குணமானவருக்கும் அதே பிரேக் இருக்கிறதென்றால், நோய் நீடிப்பதற்கு அந்த பிரேக்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களே நோய் உருவாவதில் டி-ரெக்குக்குப் பங்கு என்பதைத் தங்கள் தரவு ஆதரிக்கவில்லை என்றுதான் எழுதினார்கள்.

அளப்பதிலேயே சிக்கல். எலியில் ஃபாக்ஸ்பி3 இருந்தால் டி-ரெக் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மனிதரில் சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டால் கொஞ்ச நேரம் ஃபாக்ஸ்பி3 காட்டும், சிடி25ஐயும் ஏற்றும். அழற்சி உள்ள நோயாளியின் ரத்தத்தில் எண்ணிவிட்டு டி-ரெக் கூடிவிட்டது என்று எழுதிய பழைய கட்டுரைகளில் எத்தனை உண்மையான டி-ரெக், எத்தனை வெறும் தூண்டப்பட்ட செல் என்று பிரிப்பது கஷ்டம். பிந்தைய ஆய்வுகள் சிடி127 என்ற புரதம் குறைவாக இருக்கும் செல்களை மட்டும் எடுப்பது அதனால்தான். போதாக்குறைக்கு எண்ணுவது ரத்தத்தில், விஷயம் நடப்பது ஈரலில்.

பிரேக் போடுகிற மற்ற ஆட்களும் நிறைய. லண்டன் குழு 2015இல் காட்டியது எனக்குப் பிடித்த வேலை. எலும்பு மஜ்ஜை வழி வந்த அடக்கும் செல்கள் என்று ஒரு வகை, அவை ஆர்ஜினேஸ் நொதியை வெளியிட்டு அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைத் தீர்த்துவிடும், அது இல்லாமல் டி செல் பெருக முடியாது. யாருக்கு இந்தச் செல்கள் கூடுதல் என்று பார்த்தால், வைரஸ் ஏராளமாக இருந்தும் ஈரல் சேதம் இல்லாதவர்களுக்கு. வைகைக்கரையான் தம்பியின் ரிப்போர்ட் மாதிரியே. ஐஎல்-10 சுரக்கும் பி செல்கள் இருக்கின்றன. என்கே செல்கள் என்று இன்னொரு வகைக் கொல்லி செல்கள், டிரெயில் என்ற புரதம் வழியாக, வைரஸுக்கு எதிரான டி செல்களையே கொன்றுவிடுகின்றன என்று 2013இல் காட்டினார்கள். இதற்கெல்லாம் மேலே, வருடக்கணக்கில் வைரஸின் புரதத்தைப் பார்த்துப் பார்த்து டி செல்களே களைத்துப் போய் பிடி-1 என்ற நிறுத்தக் குமிழை மேற்பரப்பில் ஏற்றிக்கொள்கின்றன. வெளியிலிருந்து யாரும் தடுக்காவிட்டாலும் அவற்றால் முன்போல அடிக்க முடியாது.

இன்னொன்று. தம்பி மாதிரி இளைஞர்களின் உடம்பு வைரஸைக் கண்டுகொள்ளவே இல்லை என்ற பழைய எண்ணமும் ஆடிப்போய்விட்டது. 2012இல் இந்தக் கட்டத்தில் இருக்கும் இளைஞர்களின் ரத்தத்தைப் பார்த்ததில், வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் அவர்களிடமும் இருந்தன, அழற்சிக் கட்டத்தில் இருப்பவர்களுக்குக் குறைவில்லாமல். ஐரோப்பிய வழிகாட்டி 2017இல் இந்தக் கட்டத்துக்கு இருந்த 'இம்யூன் டாலரன்ட்', அதாவது எதிர்ப்புச் சக்தி வைரஸைச் சகித்துக்கொள்ளும் கட்டம், என்ற பழைய பெயரையே மாற்றியது. எஸ்ஜிபிடி நார்மல் என்பதால் உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்று நிம்மதியாக உட்காருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

செல்கிறுக்கன்:

அந்த இரண்டாவது 2005 ஆய்வை நீளம் கருதி விட்டேன், நீங்கள் கொண்டுவந்ததும் நல்லதுதான். டி-ரெக் மட்டும் காரணம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் எது முன்னால் வருகிறது என்பதற்கு நல்ல தடயம் இருக்கிறது. அடிஃபோவிர் மாத்திரை கொடுத்து வைரஸைக் குறைத்தபோது, டி-ரெக் அளவும் கூடவே இறங்கியது, வைரஸுக்கு எதிரான எதிர்வினை ஓரளவு மீண்டது. டி-ரெக்கைத் தொடாமல் வைரஸை மட்டும் இறக்கினார்கள், அது தானாக இறங்கியது. வைரஸும் அழற்சியும் சேர்ந்து டி-ரெக்கை ஏற்றிவிடுகின்றன என்று இதை வாசிக்கலாம். அப்படியானால் டி-ரெக்கைக் குறைக்க இன்றைக்குக் கையில் இருக்கிற பாதுகாப்பான வழி சாதாரண டெனோஃபோவிர்தான்.

ஹெபடைடிஸ் சி-யில் நிலவரம் வேறு. சோஃபோஸ்புவிர் 2013இல் வந்த பிறகு மூன்று மாத மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் வைரஸ் முழுக்கவே போய்விடுகிறது. அப்படி வைரஸ் போனவர்களிலும் ரத்தத்தில் டி-ரெக் கூடுதலாகவே நீடித்ததாக 2017இல் ஒரு ஜெர்மன் குழு காட்டியது. பல வருட அழற்சி எதையோ நிரந்தரமாக மாற்றிவிடுகிறது. இது வெறும் ஆராய்ச்சி சுவாரசியம் இல்லை. ஈரல் புற்றுநோய்க் கட்டிகளுக்குள் டி-ரெக் குவிந்திருக்கிறது, அதிகம் குவிந்திருந்தால் நோயாளி வாழும் காலம் குறைவு என்று ஹெபடைடிஸ் பி வழி வந்த கட்டிகளில் 2007இலேயே பார்த்திருக்கிறார்கள். வைரஸ் போன பிறகும் ஈரல் சுருங்கியவர்களை ஸ்கேனுக்கு வரச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அதற்கு முதல் காரணம் தழும்பு, ஆனால் எதிர்ப்புச் சக்தி பழையபடி விழித்துக்கொள்ளாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பிடி-1 பற்றிச் சொன்னீர்கள், அதையும் மனிதர்களில் முயன்றிருக்கிறார்கள். 2019இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வு, நிவோலுமாப் என்ற புற்றுநோய் மருந்தை மிகக் குறைந்த அளவில் ஒரே ஒரு ஊசி, அதுவும் ஏற்கெனவே மாத்திரையால் வைரஸ் அடங்கியவர்களுக்கு. ஒருவருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் போயே போய்விட்டது, போவதற்கு முன் எஸ்ஜிபிடி எகிறியது. மற்றவர்களுக்கு ஆன்டிஜென் லேசாகத்தான் குறைந்தது. வைரஸை முதலில் மாத்திரையால் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு பிரேக்கைக் கொஞ்சமாகத் தளர்த்துவது, இந்த வரிசைதான் இப்போது பலரும் யோசிப்பது. 14 கோடியோடு இருப்பவரிடம் பிரேக்கில் கை வைக்க எந்த டாக்டரும் துணிய மாட்டார்.

வைகைக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. பாதி புரிந்தது, பாதியைத் திரும்பப் படிக்க வேண்டும். பூஸ்டர் டப்பா வாங்கி வைத்திருந்தார்கள், நிறுத்தச் சொல்லிவிட்டேன், மூலிகைத்தோட்டம் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டாக்டர், குடும்பம் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, 50 வயது ஆவதற்குள் வயிற்றில் நீர் கோத்து இறந்துபோனார். குடிதான் காரணம் என்று ஊரில் எல்லோரும் பேசினார்கள், ஆனால் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. இதை டாக்டரிடம் நாங்கள் சொல்லவே இல்லை, கேட்டபோது அம்மா அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு இந்த வருடம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெண் வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா என்றுகூட அம்மா பயப்படுகிறார்.

மூலிகைத்தோட்டம்:

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. டாக்டர் சொல்படி கேளுங்கள். ஆனால் அந்த 1988 ஆய்வை இன்னும் பெரிதாக இங்கேயே யாராவது திரும்பச் செய்ய வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன்.

ஈரல்மருத்துவர்:

அதில் எனக்கும் மறுப்பு இல்லை ஐயா, ஒழுங்காகச் செய்தால் வரவேற்பேன்.

வைகைக்கரையான், மாமா விஷயத்தை அடுத்த முறை வரை தள்ளாமல் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். அதே தாயிடமிருந்து உங்கள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் வந்திருக்க வாய்ப்பு உண்டு, அவர் குடிக்காதவர் என்றால் ஹெபடைடிஸ் பி-யால் வந்த ஈரல் சுருக்கமாக இருந்திருக்கலாம், பழைய ரிப்போர்ட் ஏதாவது அத்தை வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். அது உறுதியானால் தம்பிக்கு 30 வயது வரை காத்திருக்காமல் மாத்திரையை முன்பே ஆரம்பிப்பது பற்றி டாக்டர் யோசிப்பார். அரசு ஆஸ்பத்திரியில் தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் மாத்திரை இலவசம், 2018இலிருந்து நடக்கிறது. அம்மாவுக்கு வைரஸ் குறைவு என்பதால் விட்டுவிடாதீர்கள். அவர் வயதுக்கு அது பழைய சண்டையின் மிச்சமாக இருக்கலாம், ஃபைப்ரோஸ்கேனும் வயிற்று ஸ்கேனும் அவருக்குத்தான் அவசரம்.

இன்னொரு விஷயம், டி-ரெக் பேச்சோடு சம்பந்தப்பட்டது. அம்மாவுக்கோ தம்பிக்கோ எதிர்காலத்தில் மூட்டுவாதத்துக்கோ புற்றுநோய்க்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தர வேண்டி வந்தால், ரிட்டுக்சிமாப், அதிக அளவு ஸ்டீராய்டு மாதிரி, ஹெபடைடிஸ் பி இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். அடக்கும்போது வைரஸ் பெருகும், மருந்தை நிறுத்தியதும் எதிர்ப்புச் சக்தி திரும்பி வந்து ஒரேயடியாக ஈரலைத் தாக்கும். பாதுகாப்பு மாத்திரை கூடவே கொடுத்தால் இதைத் தடுக்கலாம், பல இடங்களில் டெஸ்ட் எடுக்காமலே ஆரம்பித்து ஆபத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

கல்யாணம் தாராளமாகச் செய்யலாம். பெண்ணிடம் உண்மையைச் சொல்லுங்கள், மறைத்துச் செய்யாதீர்கள். அவருக்கு முதலில் டெஸ்ட், நெகட்டிவ் என்றால் தடுப்பூசி, முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பார்த்து, 10க்கு மேல் வந்தால் கவலை இல்லை. அதுவரை ஆணுறை. ஒரே தட்டு, ஒரே டம்ளர், கட்டிப்பிடிப்பது எதிலும் பரவாது, சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனித்தனி. குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள்.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அதே அம்மாவுக்குப் பிறந்தவர்தானே நீங்களும். நீங்கள் டெஸ்ட் எடுத்தீர்களா?

வைகைக்கரையான்:

இல்லை டாக்டர். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

ஈரல்மருத்துவர்:

உங்கள் தம்பிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லைதான். மேற்பரப்பு ஆன்டிஜென், அதற்கான ஆன்டிபாடி, எப்போதாவது தொற்று வந்திருக்கிறதா என்று காட்டும் கோர் ஆன்டிபாடி, இந்த மூன்றும் எடுங்கள், வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. கல்யாணமாகியிருந்தால் மனைவி, பிள்ளைகளுக்கும். மூன்றும் நெகட்டிவ் என்றால் உங்களுக்கும் அந்த மூன்று ஊசிதான். வேறு ஏதாவது வந்தால் ரிப்போர்ட்டை இங்கே போடாமல் நேராகத் தம்பியின் டாக்டரிடமே காட்டுங்கள்.